எண்ணி வாங்கிய காற்று

விசாரணை அறையில் அவர் "நான்" என்றால்
நானும் "நான்" என்பேன்.
அவர் "என்ர காலை முறிச்சவங்கள்" என்றால்
முறியாத இரண்டு கால்களையும் மேசைக்கடியில் நீட்டிக்கொண்டு
என் காலை முறித்தார்கள் என்பேன் ஜெர்மனில்,
முறித்ததைக் கடைசியில் வைத்து.
அந்த ஒரு விஷயத்தில் இரண்டு மொழிக்கும் ஒத்துப்போகிறது.
மொழிபெயர்ப்பாளர் அழக்கூடாது, தலையாட்டக்கூடாது,
பெருமூச்சு விடக்கூடாது.
கடைசி விதி எங்கும் எழுதியில்லை.
ஒருமுறை விட்டுப் பார்த்தேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஐந்தரைக்குப் பெர்ன் என்னை வெளியே விடும்.
பழைய ஒக்டாவியா, கையால் மாற்றும் கியர்.
வோர்ப் போகும் சாலையில் வீடுகள் தீர்ந்ததும்
மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்து
சட்டென்று காலை எடுப்பேன்.

புஸ்ஸ்ஸ்.

வேலியோரத்து மாடு ஒன்று மெல்லுவதை நிறுத்தும்.
லாங்னவ்வில் ஒரு பையனிடம்
அறுபது பிராங்குக்கு வாங்கிய வால்வு.
நாள் முழுக்க நான் விடாததை
அது விடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.
கீழ் வீட்டு அபெக்லன் அம்மையார்
உடுப்புத் தோய்க்கும் அறையில் கேட்டார்:
"உங்கள் காருக்குத் தடிமனா?"

பிறகு விக்கல் வந்தது.
சிவப்பு விளக்கில் நின்றால் எஞ்சின் குலுங்கியது.
கியர் மாற்றினால் பின்னால் கருப்பாய் ஒரு புகை.
பரிசோதனைக்கு அழைத்த கடிதமும் அதே வாரம்.

ஒஸ்டர்முண்டிகனில் ஆர்டியான்
பானட்டைத் திறந்ததும் சிரித்தான்.
"இது உங்களுடையதா, மகனுடையதா?"
எனக்கு மகன் இல்லை.
துணியில் கையைத் துடைத்தபடி சொன்னான்:
டர்போ தள்ளிக்கொண்டே இருக்கும்.
நீங்கள் காலை எடுத்ததும் கதவு மூடிக்கொள்ளும்.
மூடிய கதவில் முட்டிய காற்றுக்கு வழி வேண்டும்,
இல்லாவிட்டால் திரும்பி வந்து விசிறியையே அறையும்.
தெருவில் விடலாம், சத்தம் வரும்.
குழாய் போட்டு டர்போவின் வாய்க்கே திருப்பலாம், வராது.
ஆனால் உங்கள் எஞ்சின் காற்றை எண்ணி வாங்குகிற சாதி.
வாசலில் ஒரு உணரி உட்கார்ந்து கணக்கு எழுதுகிறது.
நீங்கள் வெளியே ஊதியதை அதற்கு யாரும் சொல்வதில்லை.
போய்விட்ட காற்றுக்கும் சேர்த்து
பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது, பாவம்.

அந்தப் "பாவம்" என்னுடையது. அவன் தோளைத்தான் குலுக்கினான்.

பழைய வால்வையும் ரப்பர் குழாயையும் மாட்டினான்.
பரிசோதனையில் கேள்வியே இல்லை.
மாடு மென்றுகொண்டே இருந்தது.
அபெக்லன் அம்மையார் சுகமாகிவிட்டதா என்றார்.
ஆகிவிட்டது என்றேன்.
அறுபது பிராங்கு வால்வு
சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்குப் பக்கத்தில்.

வியாழக்கிழமை. கடற்தொழிலாளி ஒருவர்.
கேள்வி எழுபத்திரண்டு: தம்பியைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?
பதில் இல்லை.
மூக்கு வழியாக நீளமாக ஒரு காற்று,
மேசையில் இருந்த தாளின் ஓரம் அசைந்தது.
தட்டச்சு நின்றது.
அதிகாரி என்னைப் பார்த்தார். எழுதுபவரும்.
சொன்னதெல்லாம் சொல்லவேண்டும் என்பது விதி.
இது சொன்னதா?
தன்மையில்தான் பேசவேண்டும் என்பதும் விதி.

"மூச்சு விட்டேன்" என்றேன்.

விசைகள் ஓடின. பதிவானது.

மாலையில் முழுவதையும் திருப்பி வாசித்தேன்,
அவர் வாயிலிருந்து வந்ததை அவர் காதுக்கே,
ஜெர்மனிலிருந்து மீண்டும் தமிழுக்கு,
பக்கம் பக்கமாய், ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்து.
கேள்வி எழுபத்திரண்டு.
பதில்: மூச்சு விட்டேன்.

அவர் பேனையைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "விட்டனான்."